சோற்றுச் சீமையில் கோதுமை விலக்கு

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்று வழங்குவது வெறும் உபசார வார்த்தையன்று. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி எனப் பெயர் பெற்றவையும், தத்தம் கிராமத்துக்கு அப்பால் பெயரே தெரியாத நூற்றுக்கணக்கான சிற்றேரிகளும் பரந்து கிடக்க, அவற்றின் மதகுகளுக்குக் கீழே பல்லவர் காலந்தொட்டு நெல் விளைந்து, அந்த நெல்லே வரியாகவும் கூலியாகவும் கோயிற் படித்தரமாகவும் அளக்கப்பட்டு வந்த ஒரு பிரதேசத்தில், நோயாளி ஒருவரைப் பார்த்து, “இனி ஆயுள் முழுவதும் கோதுமையைத் தொடக் கூடாது” என்று மருத்துவர் சொன்னால், அவர் திடுக்கிடுவதைவிட ஆறுதல் அடைவதே இயல்பு. சோறு இருக்கிறது, இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, வெண்பொங்கல், கொழுக்கட்டை எல்லாம் இருக்கின்றன, இவற்றுள் எதிலும் கோதுமை இல்லை. இதே விலக்குடைய ஐரோப்பிய யாத்திரிகர் ஒருவர் மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் வந்து தங்கினால், தம் ஊரில் ரொட்டிக்கு மாற்றுத் தேடி அலைந்த சிரமமெல்லாம் இங்கே ஒரு தட்டு இட்லியில் தீர்ந்துவிடக் காண்பார். அப்படியிருந்தும், விலக்கைப் பிசகாமல் அனுஷ்டிக்கும் நம்மவருள் சிலர், மாதக்கணக்கில் எடை ஏறாமல், கன்னம் ஒட்டி, மாலையானால் களைத்துச் சோர்ந்து போகிறார்கள். வயிறு நிறைகிறது, சரீரம் தேறுவதில்லை. இது ஏன் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

குளூட்டன் என்பது இன்னதென்று அறிய ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தபின் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பரோட்டாக் கடையொன்றின் முன் சற்று நின்றால் போதும். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் பலகையில் தட்டி, ஓரத்தைப் பற்றி இரண்டு மூன்று தடவை வீச, அது கிழியாமல் விரிந்து விரிந்து, கீழேயிருக்கும் பலகையின் கீறல்கள் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடுகிறதே, அந்த இழுபடும் குணத்தைத் தருவதுதான் குளூட்டன். கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இருவகைப் புரதங்கள் நீரோடு கலந்து பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆகும் வலை அது. பார்லியிலும் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலும் இதற்கு நெருங்கிய உறவான புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் இல்லை. ஆகையினாலேதான் அரிசி மாவை எவ்வளவு பிசைந்தாலும் வீச முடிவதில்லை. இந்தக் குறைக்கு நம் முன்னோர் கண்ட பரிகாரம் உளுந்து. ஆட்டிய உளுந்தின் வழவழப்பும் அதன் புரதமும், இரவெல்லாம் நுண்ணுயிர்கள் விடும் வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், குளூட்டன் அணுவளவும் இல்லாமலே இட்லி உப்புகிறது. உலகத்துச் சமையல்களில் இதற்கு ஈடான சாமர்த்தியம் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

குளூட்டன் பெரும்பாலோருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆயினும் அதன் புரதங்களில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதியாக இருப்பதால், நம் ஜீரண நொதிகள் அவற்றை முற்றிலும் துண்டாட மாட்டாமல் சில நீண்ட துணுக்குகளை அப்படியே விட்டுவிடுகின்றன. டிக்யூ2, டிக்யூ8 என்று குறிக்கப்படும் மரபணு அமைப்புடையோரில் சிலருக்கு, உடலின் நோயெதிர்ப்புப் படை அந்தத் துணுக்குகளைப் பகை என்று மயங்கிப் போர் தொடுக்கிறது. போர்க்களமாவது சிறுகுடலின் உட்சுவர். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றைப் போல அங்கே லட்சக்கணக்கில் நிற்கும் குடலுறிஞ்சிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயராதவை, அழற்சியால் குறுகித் தேய்ந்து, கடைசியில் தரை மட்டமாகிவிடுகின்றன. உணவை ஏற்றுக்கொள்ளும் பரப்பு சுருங்கிப் போகவே, உண்ட கொழுப்பு மலத்தோடு வெளியேறுகிறது. இரும்புச் சத்தும் ஃபோலேட்டும் கால்சியமும் ஏறுவதில்லை. மாத்திரை கொடுத்தும் தீராத சோகை, வளராத குழந்தை, ஓயாத வயிற்றுப்போக்கு, இளவயதிலேயே தேயும் எலும்பு எனப் பல வேஷங்களில் வெளிப்படும் இந்த வியாதிக்குச் சீலியாக் நோய் என்று பெயர். மருந்து இன்றுவரை ஒன்றே: குளூட்டனை அறவே நீக்குதல்.

அந்த மருந்தைக் கண்டறிந்த வரலாற்றில் பஞ்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு. டச்சுக் குழந்தை மருத்துவரான வில்லெம் கரேல் டிக்கே என்பவர், கோதுமையை நீக்கினால் இந்தக் குழந்தைகள் தேறுவதை 1930-களிலேயே கவனித்து வந்தார். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் ரொட்டி அருகி, ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கொடுமையான மாதங்களில், ஊரெல்லாம் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமடையாமல் இருந்ததும், யுத்தம் முடிந்து ரொட்டி திரும்பியதும் அவர்கள் மறுபடி வீழ்ந்ததும் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கின. 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அவர் இதை நிலைநாட்டினார். அவருடைய சகாவான வான் டி காமர் என்ற ரசாயன அறிஞர், குழந்தைகளின் மலத்தில் கழியும் கொழுப்பை நிறுத்துப் பார்க்கும் முறையை வகுத்ததால், தின்பது ஒரு கணக்கு, உடலில் சேர்வது வேறு கணக்கு என்பது எண்ணாகவே வெளிப்பட்டது.

நம் பக்கத்தில் இந்நோய் அபூர்வம் என்று வெகுகாலம் கருதப்பட்டது. மெலிந்து வயிறு கழியும் நோயாளி வந்தால் மருத்துவர் நினைவுக்கு முதலில் வந்தவை குடற்புழு, காசம், அப்புறம் டிராபிகல் ஸ்ப்ரூ. இந்த மூன்றாவதை 1960-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் என்னும் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். குடலுறிஞ்சிகள் தேய்வதில் அது சீலியாக்கை ஒத்திருப்பினும் கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, சீலியாக்குக்குரிய எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கே 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்களோ வடக்கே 38.1, தெற்கே 36.4 விழுக்காடு, ஏறக்குறைய சமம். கோதுமை உண்ணும் அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: நாளொன்றுக்கு வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆனால் வடகிழக்கிலும் கோதுமை 37 கிராமே என்பதால், அளவு ஒன்றையே காரணமாக்கி முடித்துவிட முடியாது. வித்து நம்மிடமும் இருக்கிறது, முளைப்பது குறைவாக இருந்து வந்திருக்கிறது என்ற அளவில் நிற்பதே நியாயம்.

அந்த 25 கிராமும் இப்போது அப்படியே இருப்பதாக நம்ப எனக்குத் தயக்கம். 1942-ல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோதும், 1956-ன் ஒப்பந்தத்துக்குப் பின் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியபோதும் தமிழ்நாட்டு அடுப்பங்கரைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்த தானியம், இன்று ரவை உப்புமாவாகவும் பூரியாகவும் சேமியாப் பாயசமாகவும், டீக்கடைப் பன்னாகவும் பிஸ்கட்டாகவும், சர்க்கரை வியாதிக்காரரின் இரவுச் சப்பாத்தியாகவும், எல்லாவற்றுக்கும் மேலாக பரோட்டாவாகவும் தினசரி ஆகாரத்தில் கலந்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோறு மூன்று வேளையும் பீடத்தில் இருப்பதால், கோதுமை நம் கண்ணுக்கு ஒரு துணைத் தின்பண்டமாகவே படுகிறது. ஆனால் கலோரிக் கணக்கில் அது துணையாக இருப்பதில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் உளியும் சம்மட்டியுமாக நாள் முழுவதும் கருங்கல்லோடு மல்லுக்கு நிற்கும் இளைஞன் ஒருவனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 65 கிலோ எடையுள்ள, நடுத்தர உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 2,710 கலோரி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த கணக்கு. அதே உழைப்புடைய பெண்ணுக்கு 2,130. காலையில் மூன்று இட்லியும் சட்னியும் ஏறத்தாழ 250 கலோரி. மதியம் மூன்று கிண்ணம் சோறு, குழம்பு, ரசம், சிறிது பொரியல், மோர் எல்லாம் சேர்ந்து 700. இடையில் இரண்டு டீ 120. இரவில் அவன் வழக்கமாக இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வந்தான். பரோட்டா ஒன்று ஏறத்தாழ 300 கலோரி, சால்னாவின் எண்ணெயையும் சேர்த்தால் அந்த ஒரு வேளையே 750-க்குக் குறையாது. மாலையில் டீயோடு தின்ற பன்னும் பிஸ்கட்டும் இன்னொரு 300. விலக்கு வந்ததும் பரோட்டா போயிற்று, பன் போயிற்று, பிஸ்கட் போயிற்று. அவற்றின் இடத்தில் நான்கு இட்லி, அல்லது ஒரு தட்டு ரசம் சாதம். வயிறு குறை சொல்லவில்லை. கணக்கில் மட்டும் நாளுக்கு 600, 700 கலோரி ஓசையில்லாமல் கழிந்துவிட்டது. போதாதென்று, இன்னும் ஆறாத குடல் உண்டதிலும் ஒரு பங்கைத் தவறவிடுகிறது. மொத்தத்தில் அவன் தட்டில் விழுவது 1,500-ஐ ஒட்டியும், தேவை 2,710-க்கு மேலும் நிற்கின்றன. இந்தப் பள்ளத்தைச் சோற்றாலேயே தூர்க்கலாமே என்றால், வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீர். நூறு கிராமுக்கு 130 கலோரிதான். 1,200 கலோரிக்கு இன்னும் 900 கிராமுக்கு மேல் சோறு உண்ண வேண்டும். பசி மந்தப்பட்ட நோயாளியிடம் அதைச் சொல்வது பரிகாசம் செய்வதாகும்.

தானியத்தை மட்டும் அளந்துவிட்டு உடலைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணும் பிழை இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. 1876-78-ல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியான சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-ன் தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டென்பது ஏறத்தாழ 450 கிராம். அரிசியாகக் கொண்டால் சுமார் 1,550 கலோரி, நம் சிற்ப இளைஞனின் குறைபட்ட தட்டுக்கு வெகு அருகில். மாகாணத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. பருப்பும் காய்கறியும் உடன் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பையும் சேர்த்தது. மாமல்லபுரத்துக்குப் பின்புறமாகக் கடலை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி, அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு குன்னூரில் இதே கேள்வி எலிகளிடம் கேட்கப்பட்டது. ராபர்ட் மக்காரிசன் என்னும் ராணுவ மருத்துவர் 1920-களில், ஒரே இனத்து எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு ஜனங்கள் உண்ணும் ஆகாரத்தை ஒவ்வொரு குழுவுக்கும் அளித்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் ஆகாரம் உண்ட எலிகள் முதலிடத்தில் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி ஆகாரம் உண்டவை வரிசையின் கடைசியில் நின்றன. கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று பலர் இதிலிருந்து அவசர முடிவுக்கு வந்தார்கள். இன்றும் சிலர் வருகிறார்கள். அந்தச் சீக்கியத் தட்டில் சப்பாத்தி மட்டுமா இருந்தது? பால், நெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை இறைச்சி எல்லாம் இருந்தன. நம் தட்டிலோ பெரும்பகுதி சோறு. மற்றவையெல்லாம் சோற்றை உள்ளே தள்ளுவதற்கான உபகரணங்கள். கோதுமை விலக்குடைய தமிழர் ஒருவர் செய்யவேண்டியது, அந்தச் சீக்கியத் தட்டிலிருந்து சப்பாத்தியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோற்றை வைத்து, மற்றவற்றை அப்படியே இருத்திக்கொள்வது. அந்தச் சோறும் புழுங்கலரிசிச் சோறாக இருப்பது மேல். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை.

இந்த வட்டாரத்தில் அதற்கு வேண்டிய சரக்குக்குப் பஞ்சமில்லை. முதலிடம் வேர்க்கடலைக்கு. அச்சிறுபாக்கம், மதுராந்தகம் பக்கத்து மேட்டு நிலங்களில் விளையும் இந்தப் பருப்பு நூறு கிராமில் 560 கலோரிக்குக் குறையாத சக்தியும் 25 கிராம் புரதமும் உடையது. உப்பிட்டு அவித்ததானாலும், வறுத்ததானாலும், 50 கிராம் கடலை தின்பவன் இரண்டு கிண்ணம் சோற்றின் சக்தியை ஒரு பிடியில் பெற்றுவிடுகிறான். அடுத்தது எண்ணெய். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் நாலு நாலு. ஆகையால் இட்லிப் பொடியில் ஊற்றிக்கொள்ளும் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 240 கலோரியை வயிற்றில் இடமே அடைக்காமல் சேர்த்துவிடும். இரண்டு முட்டை 150. இரண்டு வாழைப்பழம் 200. பொரியலில் ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல் 130. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை காலையில் வலையிலிருந்து உதிர்க்கப்படும் மீன்களில், சுற்றுலாக்காரர் தேடும் வஞ்சிரத்தைவிட, விலை மலிந்த மத்தியும் கானாங்கெளுத்தியுமே நம் காரியத்துக்கு உகந்தவை. பருவத்துக்கேற்ப அவற்றில் கொழுப்பு ஏறியிருக்கும், 100 கிராமுக்கு 150 கலோரியை ஒட்டிக் கிடைக்கும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, நோயால் கரைந்த எலும்புக்குக் கால்சியமும் கொடுக்கும். இவ்வளவையும் கூட்டினால் 1,150 கலோரி வருகிறது. இளைஞனின் பள்ளம் ஏறக்குறைய தூர்ந்துவிட்டது, சோற்றில் ஒரு கவளம்கூட ஏற்றாமலே.

கேழ்வரகைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்தோறும் ஊற்றும் கூழின் பெருமையை இப்போது நகரத்தார் புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டாடுகிறார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை; அரிசியில் அது பத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் கூழில் பெரும்பகுதி தண்ணீர். வெயிலில் வேலை செய்பவருக்கு அது அமிர்தமாயினும், மெலிந்தவரின் எடையைக் கூட்ட ஒரு செம்புக் கூழ் உதவாது. அதே மாவை அடையாகத் தட்டுவதுதான் வழி. குளூட்டன் இல்லாத மாவாகையால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் ஓரமாக வெடித்து உதிரும். கொதிக்கும் நீரை விட்டுக் கிளறினால் மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிப் பிடிப்புக் கொடுக்கும். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலையும் சேர்த்து, வாழையிலையில் தட்டி, கல்லில் கவிழ்த்து, சுற்றிலும் எண்ணெய் விட்டு நிதானமாக வேகவிட்டால், இரண்டு அடை ஒரு வேளை ஆகாரம். மாலைப் பன்னின் இடத்தில் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ வைத்துக்கொள்ளலாம். குளூட்டன் அற்றது என்று அச்சிட்ட டப்பாக்களில் வரும் பிஸ்கட்டுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அவற்றில் பெரும்பாலானவை வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்புமாக இருந்து, நார்ச்சத்திலும் இரும்பிலும் ஏழையாக இருக்கின்றன. விலையோ பல மடங்கு.

பால் விஷயத்தில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், கோவர்த்தன மலையின் நிழலில் ஒருவன் பசுவைக் கறக்க, அது தன் கன்றை நக்கிக்கொடுக்கும் காட்சியைப் பல்லவச் சிற்பி செதுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தொண்டை மண்டலத்தில் பாலின் ஸ்தானம் விளங்கும். எனினும் பாற்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்னும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியிலேயே குடியிருப்பதால், அவை தேய்ந்து கிடக்கும் காலத்தில் பால் செரிக்காமல் வயிறு உப்பும். முதல் சில மாதங்களில் தயிரும் மோரும் நெய்யும் தாங்கும். உறிஞ்சிகள் தழைக்கத் தழைக்க, பலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் எடை ஏறாதவர் வீட்டில், முதலில் சோதிக்க வேண்டியது பெருங்காய டப்பா. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில், வீரியமான பிசினைத் தணிப்பதற்காக மாவு கலக்கிறார்கள். பல தயாரிப்புகளில் அது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் குலைவதை 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. அது ஏறத்தாழ அரை கிராம் மைதாவில் அடங்கிவிடும். சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் சிட்டிகை சிட்டிகையாக அந்த அளவை எட்டுவது அசாத்தியமன்று. அடுத்த சந்தேகம் மாவு மில். முன்னால் வந்தவரின் கோதுமை அரைபட்ட எந்திரத்திலேயே நம் கேழ்வரகும் விழுந்தால், முதலில் வரும் இரண்டு மூன்று படி மாவு கலப்பட மாவுதான்; வீட்டு மிக்சியில் பொடிப்பதே நலம். ஓட்டலில் ரவா தோசையும் சப்பாத்தியும் புரண்ட கல்லில் வார்த்த வெண்தோசையும், மைதா கலந்த மசாலா தடவிய மீன் பொரிந்த எண்ணெயில் பொரித்த சுத்தமான மீனும் இந்த வகையே. சூட்டினால் குளூட்டன் அழிவதில்லை. பார்லி முளையிலிருந்து செய்யும் மால்ட் பானங்களைச் சத்து மாவு என்று நம்பிக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. குளூட்டன் அற்றது என்று உறையில் அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. உதிரியாக வாங்கும் மாவுக்கு அப்படி யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

பள்ளிக்கூடத்துக் குழந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. மதிய உணவில் சோறும் முட்டையும் இருப்பதால் பெரிய தடையில்லை. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலோ ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, கிச்சடி ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. திட்டத்தின் பேரில் குற்றமில்லை. ஆயிரத்தில் ஒரு குழந்தையை உத்தேசித்து ஆயிரம் பேருக்குச் சமைக்க முடியாது. அந்த ஒரு குழந்தைக்கு வீட்டிலிருந்து நான்கு இட்லியும் எண்ணெயில் குழைத்த பொடியும் போகவேண்டும், ஆசிரியைக்கும் சமையலம்மாவுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் மிச்சம். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தமக்கும் இந்த நோய் இருக்கலாம் என்று கருதுவோர், பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தணிந்து, குடலும் ஆறத் தொடங்கி, சோதனை நோயில்லை என்று பொய் சொல்லும். மற்றொன்று, எலும்பும் தோலுமாக மெலிந்துபோனவர், மேலே சொன்ன 1,150 கலோரியை முதல் நாளே ஏற்றக் கூடாது; நெடும் பட்டினிக்குப் பின் திடீரென்று ஆகாரம் பெருகினால் ரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் தாழ்ந்து இருதயத்துக்கே ஆபத்து நேரலாம் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். குழந்தைகளுக்குக் குடலுறிஞ்சிகள் மாதங்களில் தழைத்துவிடும். பெரியவர்களுக்கு ஓராண்டு, ஈராண்டுகூடப் பிடிக்கும். தழைத்தபின் கணக்கு தலைகீழாகிறது. முன்னே மலத்தோடு போன கொழுப்பெல்லாம் இப்போது உடலில் சேர்வதால், அதே எண்ணெயும் அதே கடலையும் தேவைக்கு மிஞ்சி, இடுப்பில் சதை போடத் தொடங்கும். அந்த நிலையில் உளிக்காரனுக்கு அவன் பிடிக் கடலை அப்படியே இருக்கலாம். நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கு வேண்டியது 2,110 கலோரிதான் என்பதால், அவர் இட்லிப் பொடிக்கு விடும் எண்ணெயில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.